பட்டறைப் பக்கம்: விறகு மெஷினை மாற்றலாமா, வைத்தே ஓட்டலாமா?

மாசி பாதி ஆகிவிட்டது. மாமரத்தில் பூ பிஞ்சாகிக்கொண்டிருக்கிறது. வைகாசி பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் பாய்லர் எரிய ஆரம்பிக்கும். விறகு மண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போதே வயிற்றில் புளியைக் கரைக்கிறது போலிருக்கிறது, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விறகு பிளக்கும் மெஷினைப் பற்றித்தான். போன சீசனில் முக்கி முனகி ஓடியது இந்த சீசனைத் தாண்டுமா, தாண்டாதா? அதனால் போர்வெல் மோட்டார், டிராக்டர் கிளட்ச் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணம் பக்கம் விறகு மண்டி வைத்திருக்கிறேன். ஒரு மாங்கூழ் ஆலைக்கும் மூன்று கல்யாண மண்டபங்களுக்கும் விறகு போடுகிறோம். 2015-ல் வாங்கிய ஹைட்ராலிக் மெஷின், 7.5 எச்.பி. மோட்டார், 100 மி.மீ. சிலிண்டர். முன்பு நாளைக்கு 6 டன் பிளந்தோம், இப்போது 4 டன்னைத் தாண்டவில்லை. புளியங்கட்டை வைத்தால் ஆப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் பம்பும் சிலிண்டர் சீலும் மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர், "பத்து வருஷ மெஷினுக்குச் செலவு பண்ணாதே, தூக்கிப் போடு" என்று 3,40,000 ரூபாய்க்குப் புது மெஷின் விலை சொல்கிறார். அப்பா ரிப்பேர் பண்ணு என்கிறார், தம்பி புதுசு வாங்கு என்கிறான். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

பதில்: பத்து வருஷம் ஆகிவிட்டது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. மூன்று வருஷத்தில் சட்டம் வளைந்து செத்துப்போன மெஷினையும் பார்த்திருக்கிறேன், பதினைந்து வருஷமாகச் சீல் மட்டும் மாற்றி ஓட்டுகிற மெஷினையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மெக்கானிக்குகளும் உங்களிடம் விலை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கேஜில் எவ்வளவு பிரஷர் காட்டுகிறது என்று இரண்டு பேரில் ஒருவரும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமலே ஊசி போடுகிற டாக்டரை என்ன சொல்வீர்கள்?

மெஷினில் கேஜ் இல்லை என்றால் முதல் செலவு அதுதான். ஏன் என்று சொல்கிறேன். பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம்தான் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளி ஆப்பைக் கட்டைக்குள் இறக்குகிறது. 100 மி.மீ. சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்று காட்டினால் ஆப்பின் மேல் விழும் விசை 78.5 பெருக்கல் 140, அதாவது கிட்டத்தட்ட 11 டன். அதே கேஜ் 90 தான் காட்டுகிறது என்றால் 7 டன். மெஷின் பார்க்க அதே மெஷின், சத்தமும் அதே சத்தம், ஆனால் புளியங்கட்டைக்கு முன்னால் 4 டன் காணாமல் போயிருக்கிறது. எங்கே போனது என்று தேடுவதுதான் வேலை, செலவில்லாத இடத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

முதலில் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை தள்ளினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, உறிஞ்சு குழாயின் கிளாம்ப் எங்கோ லூசாக இருக்கும். பிறகு டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு வலையைக் கழற்றிப் பாருங்கள். இதில் எனக்கே ஒரு அவமானம் உண்டு. பட்டறை ஆரம்பித்த புதிதில், தர்மபுரியில் ஒரு மண்டிக்காரர் இதே புகாரோடு வந்தார். பம்ப் போய்விட்டது என்று அடித்துச் சொல்லி, புது பம்ப் வாங்க வைத்து மாட்டி அனுப்பினேன். மறுநாள் காலை மெஷின் அதே முனகலோடு வாசலில் நின்றது. டேங்கின் மூச்சு மூடி எப்போதோ தொலைந்துபோய், அந்த ஓட்டையில் ஒரு கந்தலைச் சுருட்டி அடைத்திருந்தார்கள், அதன் வழியாக மரப்பட்டைத் தூளும் சிராயும் உள்ளே போய் வலையைப் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. வலையை டீசலில் கழுவி மாட்டினேன், வேலை முடிந்தது. பழைய பம்ப் நன்றாகவே இருந்தது. பம்ப் காசை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன், அந்தப் பம்ப் இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கிறது.

டேங்க் சரியாக இருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் நன்றாகப் பிளந்து, பதினொரு மணிக்கு மேல் வெயிலும் ஏறி ஆயிலும் சூடானதும் சோர்ந்துபோகிறதா? அப்படியானால் பம்புக்குள் தேய்மானம் என்று சந்தேகப்படலாம், ஆயில் இளகியதும் தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளேயே திரும்பி ஓடிவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில்தான் பொதுவாகப் போடுவது. யாராவது அதைவிட இளகலானதை ஊற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். காலையிலிருந்தே சோர்வுதான் என்றால் சிலிண்டர் சீலோ (பிஸ்டனைச் சுற்றி ஆயில் நழுவாமல் அடைக்கும் வளையம்), ரிலீஃப் வால்வோ (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்கே திருப்பிவிடும் வால்வு) காரணமாக இருக்கலாம்.

இப்போது கேஜுக்கு வருவோம். சிலிண்டரை முழுக்க வெளியே தள்ளி, இனிப் போக இடமில்லை என்ற நிலையில் லிவரை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்துக் கேஜைப் பாருங்கள். 140 வரை ஏறினால் பம்பும் சீலும் நன்றாகவே இருக்கின்றன, குற்றம் ஆப்பின் முனையிலோ மரத்திலோதான். ஏறவில்லை என்றால் அடுத்த சோதனை. மோட்டாரை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பிரஷரை இறக்கி, சிலிண்டரின் தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். சிலிண்டரில் திறந்திருக்கும் துளைக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, தள்ளி நின்று, மோட்டாரைப் போட்டு, சிலிண்டரை வெளியே தள்ளும் பக்கமாகவே லிவரை அழுத்துங்கள். துளை வழியாக ஆயில் ஓடி வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே இருந்தாலோ சீல் பிழைத்தது. பம்பையும் ரிலீஃப் வால்வையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தால் 38,000-ல் எவ்வளவு தேவை, எவ்வளவு சும்மா என்று தெரிந்துவிடும். சீல் மட்டும் என்றால் அந்தத் தொகையில் சின்னப் பங்குதான் ஆகும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஹோஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடக்கூடாது. அந்தப் பிரஷரில் ஊசிமுனைத் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், அப்படி யாருக்காவது பட்டுவிட்டால் வலிக்கிறதோ இல்லையோ அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவது, ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கிப் "பவர் ஏற்றித் தருகிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதல் நாள் நன்றாகத்தான் பிளக்கும், அப்புறம் ஹோஸ் வெடிக்கும் அல்லது சட்டம் விரியும்.

மெஷினை விட்டுவிட்டு மரத்தையும் ஒரு தடவை பாருங்கள். சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய கிழட்டுப் புளிய மரம் வாங்கிப் போட்டிருந்தீர்களானால், அதுவும் ஒரு வருஷம் வெயிலில் காய்ந்ததானால், அதன் முறுக்குக்கும் கணுவுக்கும் 11 டன் சில சமயம் போதாது. பச்சையாக இருக்கும்போதே பிளந்து காயவைத்திருந்தால் பாதிப் பாடு மிச்சம். நான்கு கீற்று ஆப்பு போட்டிருந்தால் புளிக்கு மட்டும் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஆப்பில் பிளக்கலாம், நான்கு பக்கம் ஒரே நேரத்தில் கிழிக்க அவ்வளவு விசை வேண்டும். ஆப்பின் முனை மழுங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தால் வெல்டிங்கில் ஏற்றி அரைத்துக் கூராக்குங்கள்.

சரி, பணக் கணக்கு. பிளப்புக் கூலி டன்னுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் மண்டிக் கணக்கு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 6 டன் 4 டன்னாகக் குறைந்ததில் நாளைக்கு 1,000 ரூபாய் போகிறது. 38,000 முழுதாகச் செலவானாலும் 38 வேலை நாளில் திரும்பி வந்துவிடும். புது மெஷின் நாளைக்கு 9 டன் பிளக்கும் என்று விற்பவர் சொல்லியிருப்பார். பிளக்கட்டும், 9 டன் விற்குமா? மாங்கூழ் சீசனில் ஒரு 75 நாள் விற்கும் என்று வைத்தால், ரிப்பேர் செய்த மெஷினைவிட நாளைக்கு 3 டன் கூட, 1,500 ரூபாய், சீசனுக்கு 1,12,500. மற்ற மாதங்களில் அந்த 3 டன் மண்டியில் அட்டியாகத்தான் கிடக்கும். தவிர, 3,40,000 என்றது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டீர்களா? மெஷினுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது இன்னொரு 61,200. மற்ற வியாபாரிகள் தாங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் இதை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்வார்கள். விறகுக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை என்பதால் நமக்கு அந்த வழியும் இல்லை, கட்டியது கட்டியதுதான். ஆக 4,01,200, சீசன் வருமானத்தை மட்டும் நம்பினால் மூன்றரை வருஷம் ஆகும் அதை எடுக்க, வட்டி தனி.

ஆகவே என் தீர்ப்பு அப்பா பக்கம், இந்த வருஷத்துக்கு. பங்குனிக்குள் ரிப்பேரை முடித்து சீசனை ஓட்டுங்கள். புது மெஷினை சீசன் வாசலில் கொண்டுவந்து இறக்குவது புது மாட்டை உழவு நாளன்று வாங்குவது மாதிரி, அதன் குணம் தெரிவதற்குள் சீசன் போய்விடும்.

தம்பி சொல்வதும் முழுத் தப்பு இல்லை. சீசன் மூன்று மாதமும் ஒரு நோட்டில் தினம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை டன் பிளந்தது, எத்தனை மணி நேரம் மெஷின் நின்றது, எதனால் நின்றது, எத்தனை டன் ஆர்டரை முடியாது என்று திருப்பினீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். மெஷின் முழு பவரில் ஓடியும் ஆர்டரைத் திருப்ப வேண்டி வந்தால் புது மெஷினுக்கு நேரம் வந்துவிட்டது. மெஷின் சும்மா நின்ற நேரமே அதிகம், கட்டையை உருட்டி வர ஆள் இல்லை, லாரி வரவில்லை என்றெல்லாம் நோட்டு சொன்னால் 9 டன் மெஷின் வாங்கினாலும் 6 டன்தான். ஆவணியில் விலை பேசுங்கள், அப்போது விற்பவரும் இறங்கி வருவார். கடன் வேண்டுமானால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, உங்கள் தேவை அதற்குள் அடங்கும்.

நடுவழி ஒன்றும் உண்டு. சிலர் அதே மோட்டாரை வைத்துக்கொண்டு 125 மி.மீ. சிலிண்டருக்கு மாறுவார்கள். 11 டன் 17 டன்னாகும், புளி வெண்ணெய் மாதிரி பிளக்கும். ஆனால் பம்ப் நிமிஷத்துக்குத் தருவது அதே 20 லிட்டர் ஆயில் என்றால், 600 மி.மீ. தூரம் போக 14 விநாடி எடுத்தது 22 விநாடி எடுக்கும். திரும்பி வரவும் அதே மாதிரி நேரம் கூடும். மேலும் 11 டன்னுக்குச் செய்த சட்டம் 17 டன்னைத் தாங்குமா என்று யார் பார்ப்பது? பெரிய சிலிண்டருக்குப் போகுமுன் இரண்டு கட்டப் பம்பை விசாரியுங்கள். மரத்தைத் தொடும் வரை நிறைய ஆயில் தந்து வேகமாகத் தள்ளும், மரம் எதிர்த்ததும் ஆயிலைக் குறைத்துப் பிரஷரைக் கூட்டும். இதில் 17 டன் கிடைக்காது, விசை உங்கள் சட்டம் தாங்கும் அளவிலேயே இருக்கும். ஆனால் வெறுமனே போய்வரும் நேரம் பாதியாகக் குறையும், நாள் முழுக்கப் பார்த்தால் அதுதான் டன் கணக்கைக் கூட்டும்.

கேள்வி: அரூரில் விறகு கடை. பக்கத்துக் கடைக்காரர் மோட்டார் தண்டில் திருகு மாதிரி கூம்பு மாட்டி விறகு பிளக்கிறார். கட்டையை அதன் மேல் வைத்தால் தானே உள்ளே இழுத்துப் பிளந்துவிடுகிறது. ஹைட்ராலிக் விலையில் கால் பங்கு கூட இல்லை. என் பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். கட்டையை இழுக்கிற கூம்புக்கு உங்கள் வேட்டி, லுங்கி, தோள் துண்டு எதுவும் வித்தியாசம் தெரியாது. ஹைட்ராலிக்கில் லிவரை விட்டால் ஆப்பு நிற்கும், கூம்பு அப்படி நிற்காது, சுவிட்ச் வரைக்கும் கை போகவேண்டும், அந்தக் கைதான் மாட்டியிருக்கும். கணுக் கட்டை பாதியில் சிக்கினால் கட்டையே கூம்போடு சேர்ந்து சுற்றி ஆளை அடிக்கும். விலை குறைவுதான், மறுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள், குறைந்தது துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யட்டும், கால் எட்டும் இடத்தில் ஒரு நிறுத்தும் சுவிட்சை வைக்கட்டும்.

கேள்வி: ஐயா, பென்னாகரம் பக்கம் நானும் என் மகனும் சின்ன விறகு கடை நடத்துகிறோம். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடைகளுக்கும் நாலைந்து டீக்கடைகளுக்கும் போடுகிறோம். தினம் அரை டன் போகும், சனி ஞாயிறு ஒரு டன். கோடாலிக்கு இரண்டு ஆள் வருகிறார்கள். ஒருவருக்கு வயதாகிவிட்டது, இன்னும் ஒரு வருஷம்தான் என்கிறார். மகன் மெஷின் வாங்கலாம் என்று நிற்கிறான். நகையை வைத்து வாங்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: அம்மா, நகையை எடுத்துப் பெட்டியிலேயே வையுங்கள். அரை டன்னுக்குச் சொந்த மெஷின் வாங்கினால் நாளில் ஒரு மணி நேரம் ஓடும், மீதி நேரம் துருப்பிடிக்கும். உங்கள் வியாபாரம் காவிரியை நம்பியது. தண்ணீர் அதிகமாக வந்து பரிசலை நிறுத்திவிட்டால் கூட்டம் குறைந்துவிடும், அந்த வாரம் மீன் கடைக்காரர் விறகு வாங்கமாட்டார், ஆனால் நகைக் கடன் வட்டி ஆற்றைப் பார்த்துக் குறையாது.

மீன் வறுக்கும் அடுப்புக்குச் சன்னமான சிராய்தானே கேட்பார்கள்? அதற்கு மெஷின் பெரிதாக உதவாது, மெஷின் பிளந்ததை மறுபடி கையால்தான் சன்னமாக்க வேண்டும். தடித்த அடிக்கட்டைகள்தான் ஆளைக் கொல்வது. அவற்றை மட்டும் ஒதுக்கி அட்டி போட்டு வையுங்கள். பக்கத்தில் ஹைட்ராலிக் மெஷின் வைத்திருப்பவரிடம் மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ டன் கணக்கில் பேசிப் பிளந்து வாங்கிக்கொள்ளலாம். வயதான அவரைக் கோடாலியிலிருந்து மாற்றி, சின்னக் கத்தியில் சிராய் போடும் வேலைக்கு உட்கார வைத்தால் இன்னும் இரண்டு வருஷம் வருவார், அவருக்கும் வருமானம்.

மகனிடம் சொல்லுங்கள்: அந்த டன் கூலியை ஆறு மாதம் எழுதி வைக்கட்டும். அது பழைய சிறிய மெஷின் ஒன்றின் மாதத் தவணையை எட்டும் அளவுக்கு வளர்ந்தால் அவன் பேச்சைக் கேட்கலாம். அப்படி வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்து இலவச விவசாய கரண்டில் அதை ஓட்ட நினைக்காதீர்கள். பிடித்தால் அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தை இரண்டு மடங்காகப் போடுவார்கள், மெஷின் விலையில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

கேள்வி: பர்கூர். வயது 26. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் ஒரே மெஷின் முழு மரத்தை இழுத்து, அறுத்து, பிளந்து, கன்வேயரில் லாரிக்கே ஏற்றிவிடுகிறது. ஒரே ஆள்தான். எங்களிடம் சாதாரண ஹைட்ராலிக் இருக்கிறது. இங்கே பழைய மாந்தோப்புகளை வெட்டுகிறார்கள், அந்த மரத்தை மொத்தமாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்த மெஷினுக்கு மாறலாமா?

பதில்: தம்பி, நானும் அந்த வீடியோக்களை ராத்திரி ஒரு மணி வரை பார்ப்பவன்தான், வீட்டில் திட்டு வாங்குவேன். ஆனால் அடுத்த முறை மெஷினைப் பார்க்காமல் மரத்தைப் பாருங்கள். கம்பம் மாதிரி நேரான, கிளை சீவிய, ஒரே பருமன் கட்டைகள். பின்லாந்து மாதிரி குளிர்நாட்டுக் காட்டில் பைன், பிர்ச் மரங்கள் அப்படி வளரும். நம் மாமரம் இடுப்பு உயரத்தில் நாலாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்து நிற்கும். அதை அந்த மெஷினின் ஊட்டு வாயில் வைத்தால் முதல் வளைவிலேயே சிக்கும், சிக்கியதை எடுக்கவே ஒரு ஆள் வேண்டும். தைலமரமோ சவுக்கோ நேர்க்கட்டையாக வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்றால் யோசிக்கலாம், மாந்தோப்புக்கு அது ஆகாது.

தோப்பு வேலைக்கு உங்களுக்குத் தேவை நல்ல செயின் சா இரண்டு, அதில் ஒன்று எப்போதும் அரம் போட்டுத் தயாராக இருக்கட்டும், அப்புறம் டிராக்டரில் மாட்டி இழுத்துப்போகும் பிளக்கும் மெஷின். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கில் இணைத்தால் மெதுவாகத்தான் ஓடும், அது கலப்பை தூக்க வைத்தது. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும் பி.டி.ஓ. தண்டில் (டிராக்டர் என்ஜினின் சக்தியை வெளிக் கருவிக்குத் தரும் தண்டு) தனிப் பம்ப் வைத்த மாடலாகப் பாருங்கள். வெட்டியவுடன் தோப்பிலேயே பிளந்துவிட்டால் பச்சையில் சுலபமாகப் பிளக்கும், லாரியிலும் அட்டி நன்றாக உட்காரும். பிளந்த மா விறகு சீக்கிரம் காயும், ஆனால் பட்டையோடு மண்ணில் போட்டால் வண்டு விழும், கல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள்.

இன்னொன்று. கூடவே ஒரு பேண்ட் சா வைத்துப் பெரிய கட்டைகளைப் பலகையாக அறுத்து விற்கலாம் என்ற ஆசை அடுத்து வரும், எல்லோருக்கும் வரும். உருட்டுக் கட்டையை மின்சார மோட்டாரில் பலகையாக அறுக்க ஆரம்பித்தால் அது விறகு கடை இல்லை, மர அறுப்பு ஆலை, வனத்துறை உரிமம் தனி. 1996-ல் உச்ச நீதிமன்றம் காடுகள் வழக்கில் போட்ட உத்தரவுக்குப் பிறகு இது கெடுபிடியான விஷயம். மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், அப்புறம் போனால் அவர்கள் நம் வாசலுக்கு வந்த பிறகாக இருக்கும்.

கேள்வி: பாலக்கோடு. டிராக்டரில் வடித்த பழைய என்ஜின் ஆயிலை விறகு மெஷின் டேங்கில் ஊற்றி ஓட்டுகிறோம். நான்கு மாதமாக நன்றாகத்தான் ஓடுகிறது. ஊற்றலாம்தானே?

பதில்: கூடாது. நான்கு மாதத்துக்கு ஓடும், அதற்குள் பம்பின் உள்சுவரைத் தேய்த்திருக்கும். வடித்த ஆயிலில் என்ஜினின் இரும்புத் துகளும் கரியும் இருக்கிறது. முழுக்க வடித்து, டேங்கைத் துடைத்து, வலையைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றி, புது ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள். அடுத்த மாதம் "மெஷினை மாற்றலாமா" என்று நீங்கள் கடிதம் எழுதுவதை நான் தடுக்கப் பார்க்கிறேன்.

கேள்வி: மெஷினின் நடுச் சட்டத்தில், ஆப்பு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு விரிசல். இரண்டு தடவை வெல்டிங் வைத்தோம், மறுபடி அதே இடத்துக்குப் பக்கத்தில் விரிகிறது. தகடு வைத்துப் பலமாக அடிக்கலாமா? - ராயக்கோட்டை

பதில்: முதல் விரிசல் என்றால் அடிக்கலாம் என்றிருப்பேன். இரண்டு தடவை பற்றவைத்து மூன்றாவதாகப் பக்கத்தில் விரிகிறது என்றால் இரும்பு களைத்துவிட்டது, வெல்டிங் சூடே அடுத்த இடத்தைப் பலவீனமாக்குகிறது. ஆப்புக்கு நேர் எதிரே ஆள் நிற்கிற மெஷின் அது. இந்த ஒரு பழுதில் மட்டும் நான் கணக்கு நோட்டைப் பார்க்கச் சொல்வதில்லை. இன்றைக்கே நிறுத்துங்கள். சிலிண்டர், பம்ப், வால்வு, மோட்டார் நன்றாக இருந்தால் அவற்றைக் கழற்றி, தடித்த எச் வடிவ இரும்பில் புதுச் சட்டம் செய்து மாட்டலாம். அது தெரிந்த பட்டறையில் செய்யுங்கள், கேட்டுக்கும் கிரில்லுக்கும் பற்றவைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புது மெஷின் வந்துவிட்டது. பழையதை விற்பவரே 25,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். யாருக்குக் கொடுப்பது? - கிருஷ்ணகிரி

பதில்: ஓடுகிற மெஷின் என்றால் இரண்டு பேருக்கும் கொடுக்காதீர்கள், ஒரு சீசன் பக்கத்தில் நிற்கட்டும். புதியது நிற்கும் நாளில் அந்த 25,000 ரூபாய் மெஷின்தான் ஆலைக்காரரிடம் உங்கள் பெயரைக் காப்பாற்றும். வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஓட விடுங்கள், சீல் காய்ந்துபோகாமல் இருக்கும். இடம் இல்லை, கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மோட்டாரைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு மீதியை எடைக்குப் போடுங்கள், காப்பர் காயில் இருக்கும் மோட்டாரை இரும்பு விலைக்குக் கொடுப்பானேன்? கொடுக்கும் முன் ஆயிலை வடித்துவிடுங்கள். வண்டியில் போகும்போது வழியெல்லாம் ஒழுகினால் பின்னால் பைக்கில் வருபவர் சறுக்கி விழுவார்.